தமரும் துளையும்

இளங்கலை வகுப்பில் கடித இலக்கியத்தைக் கற்பிக்கும் ஒவ்வோராண்டும் மாணவர் எவரேனும் ஒருவர் எழுந்து, 'ஐயா, பிறர்க்கு எழுதிய கடிதத்தை நாம் படிப்பது முறையாகுமா?' என்று வினவுவது வழக்கம். முறையன்றுதான், ஆயினும் படிக்கிறோம். உ.வே.சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைக் கழித்துவிடாமல் கட்டிவைத்தமையால் அன்றோ பதிப்பு வரலாற்றின் பல செய்திகள் இன்று நம் கைக்கு வந்துள்ளன? கடிதத்தை எழுதியவர்க்கு ஒரு மடங்கு நன்றி சொல்வதாயின், அதைப் பாதுகாத்தவர்க்கு இரு மடங்கு சொல்லவேண்டும் என்று மாணவரிடம் கூறுவேன். கூறும்போதெல்லாம் உள்ளே ஒன்று உறுத்தும். அந்த உறுத்தலையே இம்மலரில் எழுத முற்படுகிறேன்.

என் தந்தையார் இராசபாளையத்தில் பிறந்து திருவில்லிபுத்தூரில் குடியேறியவர். பந்தல்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குழியில் தமர் போடும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தார். வாரம் முழுதும் குழியருகிலேயே தங்கி, சனிக்கிழமை இரவு வீடு திரும்புவார். அவருடைய சட்டையை உதறினால் வெண்பொடி பறக்கும். அக்குழியில் அவரோடு பல்லாண்டு பணியாற்றிய நிலவியலார் ஒருவர் ஓய்வு பெற்றுத் தஞ்சைப் பக்கம் சென்றபின்னும் அத்தாவுக்குக் கடிதம் எழுதிவந்தார். 'அன்புள்ள ராவுத்தர் அவர்களுக்கு' என்று தொடங்கும் அவை நீலநிற உள்நாட்டுக் கடிதங்கள். குழியின் கிழக்குப் பக்கம் எவ்வளவு தூரம் வெட்டியாயிற்று, வெள்ளைக்கல் இன்னும் தொடர்கிறதா, நடுவில் வேறு கல் குறுக்கிடுகிறதா என்றெல்லாம் கேட்டிருப்பார். வேலையை விட்டாலும் கல்லை விட மனமில்லாத மனிதர்.

அத்தாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவரும், எழுத வராது. ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுகை முடிந்து, உணவும் முடிந்தபின் திண்ணையில் அமர்ந்து அவர் சொல்ல, நான் எழுதுவேன். அப்போது எனக்கு வயது பதினொன்று. பள்ளியில் கையெழுத்துக்கும் கட்டுரைக்கும் பரிசு பெற்றவன் என்னும் செருக்கு எனக்கு நிரம்ப உண்டு.

அத்தா மறைந்தது 2011ஆம் ஆண்டில். அவருடைய தகரப்பெட்டியில் அக்கடிதங்கள் நாற்பதுக்கும் மேல் இருந்தன. 1991இல் எழுதிய ஒன்றில் நிலவியலார் ஒரு கதை சொல்லியிருந்தார். அமெரிக்க நாட்டில் ஒருவர் சுரங்கத்தில் இரவுப் பணியாளராய்க் கல்வண்டி தள்ளினாராம். பின்னர் அந்நாட்டுக்கே அதிபர் ஆனாராம். தமக்குக் கல்லைப் பற்றிக் கற்றுக்கொடுத்த ஆசிரியருக்கு உலகின் எந்த மூலையிலிருந்தும் கடிதம் எழுதினாராம். 'அவர் பதவிச் சம்பளத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. உங்கள் இராசபாளையத்துக் குமாரசாமி ராஜாவும் முதலமைச்சராய் இருந்து, வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர்தாமே!' என்று முடித்திருந்தார். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்டவர் என்பதை நம் பக்கத்தார் எல்லாரும் அறிவர். அந்த அமெரிக்கர் யார் என்பதை நான் பின்னரே தேடிப் படித்தேன்.

அவர் ஹெர்பர்ட் ஹூவர். 1874இல் அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, பத்து வயதுக்குள் தாய் தந்தையர் இருவரையும் இழந்து, மாமன் வீட்டில் வளர்ந்தவர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1891இல் திறக்கப்பட்டபோது அதன் முதல் அணி மாணவருள் ஒருவராய்ச் சேர்ந்தார். அங்கே நிலவியல் துறையை நிறுவி நடத்தியவர் ஜான் காஸ்பர் பிரான்னர். பிழைப்புக்கு வழியின்றி இருந்த மாணவனைத் தம் அலுவலகத்தில் தட்டச்சுப் பணிக்கு அமர்த்திக்கொண்ட அவர், ஆர்க்கன்சா மாநில நில அளவைக்குத் தாமே பொறுப்பாளராய் இருந்தமையால் 1892ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அம்மலைப்பகுதிக்கும் அனுப்பிவைத்தார். கல்லைத் தட்டிப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு தனியே திரியும் இளைஞனை மலைவாழ் மக்கள் ஐயத்தோடு நோக்கினர். களவாய்ச் சாராயம் காய்ச்சுவோரைப் பிடிக்கவந்த அரசாங்க ஒற்றனோ என்று அஞ்சினர். செண்பகத்தோப்புப் பக்கம் சுத்தியலோடு ஒருவர் நடந்தால் நம்மவரும் 'புதையலா, பட்டாவா?' என்றுதான் கேட்பர். கல்லுக்காகவே ஒருவன் நடப்பான் என்பதை எந்நாட்டாரும் எளிதில் நம்புவதில்லை போலும்.

1895இல் பட்டம் பெற்ற ஹூவருக்கு உடனே கிடைத்தது கலிஃபோர்னியச் சுரங்கம் ஒன்றில் கல்வண்டி தள்ளும் வேலை. நாளுக்குப் பத்து மணிநேரம், இரண்டு டாலர் கூலி. அதன்பின் ஏற்றந்தான். 1897இல் மேற்கு ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கங்கள், 1899இல் சீனம், பின்னர் இலண்டன். பர்மாவில் பாட்வின் வெள்ளி ஈயச் சுரங்கத்திலும் அவர்க்குப் பெரும்பங்கு இருந்தது. முற்காலச் சீனர் வெள்ளியை எடுத்துக்கொண்டு குப்பையாய் எறிந்துவிட்டுப் போன கசடுக் குவியலிலிருந்தே ஈயம் எடுத்து அச்சுரங்கம் தொடங்கிற்று. பர்மாவுக்குப் பொருள்தேடிப் போனவர் வழிவந்தோர் நம் பகுதியில் பலர். அவர்களுக்கும் இது சுவைதரும் செய்தியாகலாம்.

பிரான்னரின் தாள்கள் ஸ்டான்ஃபோர்டு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இடையில் ஓடிய கடிதப் போக்குவரவு இருபதாண்டுகளைக் கடந்தது. நம் நாட்டிலும் நிலவியலார் ஒருவர் எழுதிய கடிதம் வரலாற்றை மாற்றியதுண்டு. மயூர்பஞ்சு சமத்தானத்து மலைகளில் இரும்புத்தாது இருப்பதைக் கண்ட பிரமதநாத போசு 1904 பிப்ரவரி 24ஆம் நாள் ஜாம்ஷெட்ஜி டாடாவுக்கு ஒரு கடிதம் விடுத்தார். மூன்று திங்களுக்குள் டாடா மறைந்தார். ஆனால் அக்கடிதம் காட்டிய வழியில் 1907இல் எஃகு நிறுவனம் எழுந்தது. அஃது ஒரே கடிதம். ஒரு செய்தியை அறிவித்து அதனோடு முடிந்தது. பிரான்னர் – ஹூவர் தொடர்பு வேறுவகை. அதன் முடிவில் விளைந்தது ஒரு நூல். தமிழாசிரியனாகிய என்னைப் பிணித்ததும் அந்நூலே.

பதினாறாம் நூற்றாண்டில் செருமானிய நாட்டுச் சுரங்கப் பகுதியில் கியோர்க் பவுவர் என்னும் மருத்துவர் வாழ்ந்தார். அவர் பெயரின் பிற்பகுதிக்கு உழவர் என்பது பொருள். அக்காலப் புலவர் வழக்கப்படி அதனை இலத்தீனாக்கி 'அக்ரிகோலா' என்று வைத்துக்கொண்டார். அவர் மருத்துவம் பார்த்த யோவாகிம்சுதால் என்னும் ஊரின் வெள்ளி நாணயத்துக்கு அவ்வூர்ப் பெயரால் அமைந்த 'தாலர்' என்னும் வழக்கே திரிந்து 'டாலர்' ஆயிற்று. நோயாளரிடம் பேசிப்பேசிச் சுரங்கத் தொழிலின் நுட்பமெல்லாம் அறிந்த அக்ரிகோலா, அவற்றைத் தொகுத்துப் பன்னிரண்டு பகுதிகளாக 'தெ ரெ மெட்டாலிக்கா' என்னும் நூலை இலத்தீனில் எழுதினார். அச்சிட்டு வந்தது 1556இல். அதற்கு முந்திய ஆண்டே ஆசிரியர் மறைந்துவிட்டார்.

அந்நூலில் ஒரு சிக்கல் இருந்தது. சுரங்கத் தொழில் வளர்ந்தது செருமானியத் தொழிலாளர் வாயில்; நூல் எழுந்ததோ கற்றோர் மொழியாகிய இலத்தீனில். குழியில் வழங்கிய சொற்களுக்கு ஈடாக இலத்தீனில் சொல் இல்லை. ஆகவே அக்ரிகோலா பழஞ்சொற்களுக்குப் புதுப்பொருள் ஏற்றியும் சொற்களை இணைத்தும் நூற்றுக்கணக்கில் தாமே படைத்துக்கொண்டார். விளைவு என்ன? இலத்தீன் அறிந்தவர்க்குச் சுரங்கம் தெரியாது. சுரங்கம் அறிந்தவர்க்கு இலத்தீன் தெரியாது. மறு ஆண்டே வெளிவந்த செருமானிய மொழிபெயர்ப்புங்கூடப் பிழை மலிந்து போயிற்று. செருமானியக் குழியிற் பிறந்த சொல் இலத்தீனுக்குப் போய், மீண்டும் செருமானியத்துக்குத் திரும்பும்போது வழிதவறிவிட்டது!

இதனை ஆங்கிலத்துக்குக் கொணர முனைந்தவர் ஹூவரும் அவர்தம் மனைவியார் லூ ஹென்றியும். அவ்வம்மையாரும் பிரான்னரின் மாணவியே. அவருடைய சொற்பொழிவு ஒன்றைக் கேட்டு நிலவியல் பயில வந்தவர். 1898இல் பட்டம் பெற்றவர். இருவரும் முதன்முதல் சந்தித்ததும் பிரான்னரின் ஆய்வுக்கூடத்தில்தான். அம்மையார்க்கு இலத்தீன் வரும். கணவர்க்குச் சுரங்கம் தெரியும். சீனத்தில் வாழ்ந்தபோது அம்மொழியையும் கற்ற அம்மையார், பிற்காலத்தில் வெள்ளை மாளிகையில் பிறர் அறியலாகாத செய்தியைக் கணவரோடு சீனத்திற் பேசுவார் என்பர். ஏறத்தாழ ஐந்தாண்டு, இலண்டன் வீட்டிலும் பயணங்களிலுமாக உழைத்தனர். ஒரு சொல் எப்பொருளைக் குறிக்கிறது என்று விளங்காதபோது அகராதியோடு நிற்காமல், நூலில் சொன்ன முறைப்படி பொருள்களைச் சோதித்துப் பார்த்து, 'இஃது இன்ன கனிமமே' என்று உறுதிசெய்தனர். சொற்பொருள் காண அடுப்பு மூட்டியவர்கள் என்றே கூறலாம். நம் உரையாசிரியர் எவரும் இவ்வாறு செய்ததாக நான் படித்ததில்லை.

நூல் 1912இல் இலண்டனில் வெளிவந்தது. அதனை அவர்கள் காணிக்கையாக்கியது பிரான்னருக்கே. அந்த ஆசிரியரும் மொழியில் தோய்ந்தவர். பிரேசில் நாட்டு நிலத்தை ஆராயப் பலமுறை சென்று, போர்த்துகீசியம் கற்று, அம்மொழிக்கு இலக்கண நூலே எழுதியவர். கல்லை அறிய மக்கள் மொழியை அறியவேண்டும் என்பதை அவரிடமிருந்தே மாணவர் இருவரும் கற்றிருத்தல் கூடும் என்பது என் எண்ணம். 1922 மார்ச்சு முதல் நாள் பிரான்னர் மறைந்தபோது ஹூவர் வணிக அமைச்சர். 1929இல் அதிபரானதையோ, அவ்வாண்டே பங்குச்சந்தை சரிந்து, வேலையிழந்தோர் தகரத்தாலும் அட்டையாலும் அமைத்த குடிசைகளுக்கு 'ஹூவர்வில்' என்று பெயரிட்டுப் பழித்ததையோ ஆசிரியர் காணவில்லை. முதல் உலகப்போரில் பெல்சிய மக்களின் பசி தீர்த்தவர் தம் நாட்டுப் பசிக்கு விடைகாணாது தோற்றார். அதிபர் ஹூவரைப் பற்றி எனக்கு உயர்ந்த கருத்தில்லை. குழிச்சொல்லைத் தேடிய ஹூவரிடத்தில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது. அவர்முன் நிற்க வெட்கமும் இருக்கிறது.

அத்தா சொல்வார்: 'தமரு ஆறடி போட்டோம், ஏழாவது அடியில கல்லு பேச்சை மாத்திருச்சு.' நான் எழுதுவேன்: 'ஆறடி ஆழம் துளையிட்டோம். அதன்பின் பாறையின் தன்மை மாறிற்று.' அவர் 'வெங்கச்சங்கல்' என்றால் பாடநூலைப் புரட்டிக் 'குவார்ட்சு' என்று எழுதுவேன். 'காக்காப்பொன்' என்றால் 'மைக்கா'. 'தமர்' என்பது எனக்குக் கொச்சையாகத் தோன்றிற்று; தமர் என்றால் உறவினர் என்று தமிழாசிரியர் சொல்லியிருந்தாரே, உறவினரைப் போடுவதாவது! எழுதி முடித்து உரக்கப் படித்துக் காட்டுவேன். அத்தா சற்று நேரம் பேசாதிருந்து, 'நல்லாத்தான் எழுதுற' என்பார். அந்தத் 'தான்' அப்போது என் காதில் விழவில்லை.

ஒருமுறை எனக்கு மணல்வாரி அம்மை கண்டு இரு வாரம் படுத்திருந்தேன். அந்த ஞாயிறு அக்கா எழுதினாள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டவள் அவள். அதற்கு மறுமொழி வந்தது. அத்தா மகிழ்ந்து இருமுறை படிக்கச் சொன்னார். பிறகு நான் எழுந்து, என் நடையில் வழக்கம்போல எழுதி அனுப்பினேன். அதன்பின் ஓர் அஞ்சலட்டை வந்தது. அஞ்சற்காரர் அதனை என் கையிற் கொடுத்தார். அத்தாவுக்கு அன்று, எனக்கே எழுதப்பட்டது. 'தம்பி, முன்பு உன் அக்கா எழுதிய கடிதத்தில் ராவுத்தர் பேசினார். நீ எழுதுவதில் அவர் குரல் கேட்கவில்லை. அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுது, திருத்தாதே. அவர் சொல்லில்தான் எனக்குக் கல் தெரிகிறது.' இவ்வளவே.

அந்த அட்டையை நான் அத்தாவிடம் காட்டவில்லை. கட்டுரைப் போட்டிப் பரிசாகக் கிடைத்த நூலின் அட்டைக்குள் செருகிவைத்தேன். 'ஐயாகிட்டருந்து கடுதாசி ஏதும் வரலையாப்பா?' என்று அவர் இருமுறை கேட்டார். இல்லை என்றேன். அக்கா அடுப்படியில் இருந்தாள். அதன்பின்னும் என் நடையிலேயே எழுதிவந்தேன். வரும் கடிதங்கள் சுருங்கின. நலம் விசாரித்து முடிந்தன. 1994இல் நிலவியலார் மறைந்த செய்தி வந்தபோது, 'நான் சொல்றது அவருக்கு அலுத்துப்போச்சு போல' என்று அத்தா சொன்னது ஒருமுறைதான். அன்றேனும் அட்டையை எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்குப் படித்தபோது, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் வேறொரு சொல்லைத் தேடிச் சென்ற கண் 'தமர்' என்னும் பதிவில் நின்றது. கருவியால் அமைத்த துளை என்று பொருள் தந்திருந்தனர். துளையிடும் கருவிக்கும் அதுவே பெயர். கொச்சை என்று நான் நீக்கிய சொல் அகராதியில் உறவினர்ப் பொருள் தரும் சொல்லுக்கு அருகிலேயே அமர்ந்திருந்தது. நூலகத்தில் நெடுநேரம் அப்பக்கத்தை மூடாமல் இருந்தேன். அன்றுகூட ஊருக்கு வந்து அத்தாவிடம் அகராதியைப் பற்றிச் சொன்னேனே அன்றி, அட்டையைப் பற்றிச் சொன்னேனில்லை. 'அப்படியா, புத்தகத்துலயே இருக்கா?' என்று சிரித்தார்.

ஹூவர் தம்பதியரின் நூலைப் பற்றிப் படித்தபிறகே எனக்குத் துணிவு வந்தது. நிலவியலாரின் பழைய முகவரிக்கு எழுதினேன். ஒரு திங்கள் கழித்து அவர் மகள் ஒரு கட்டை அனுப்பியிருந்தார். அத்தா அனுப்பிய கடிதம் அனைத்தும் நாள்வரிசையில் இருந்தன. எல்லாம் என் கையெழுத்து, முத்துமுத்தாக இருந்தது. படிக்கப் படிக்க முகம் சுட்டது. அக்கடிதங்களில் அத்தா இல்லை. பரிசு பெற்ற சிறுவன் ஒருவன்தான் இருந்தான். 'துளை' என்று நான் எழுதிய இடந்தோறும் ஓரத்தில் பென்சிலால் 'தமர்?' என்று குறித்திருந்தார் அந்தப் பெரியவர். 'பாறையின் தன்மை மாறிற்று' என்பதன் அருகில் 'எப்படி? ஓசையா, நிறமா?' என்று இருந்தது. விடை அத்தாவிடம் இருந்தது; வினா அவரை எட்டாமல் செய்தவன் நான்.

கட்டின் நடுவில் அக்காவின் கடிதம் இருந்தது. ழகர ளகர வேறுபாடு இல்லை, புள்ளி இல்லை, ஆனால் பக்கம் முழுவதும் சிவப்பு மையால் அடிக்கோடு. ஓரத்தில் ஒரு வினாக்குறிகூட இல்லை.

அதனை எடுத்துக்கொண்டு இராசபாளையம் சென்றேன். பத்துக்கல் தொலைவும் இல்லாத ஊர். சஞ்சீவி மலை தெரியத் தொடங்கும்வரை பேருந்தில் மடியை விட்டுக் கையை எடுக்கவில்லை. அக்கா பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். முதலில் அஞ்சலட்டையைக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி மெல்லப் படித்து முடித்தாள். முப்பதாண்டுக்கு மேற்பட்ட கணக்கை அவள் கேட்கவில்லை. 'அத்தாட்டக் காட்டிருக்கலாம்டா' என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. பின்னர் அவள் கடிதத்தை நான் படித்தேன்:

'ஐயா கம்பி அடிக்கும்போது ணங் ணங்குன்னு வந்த சத்தம் ஏளாவது அடியில தொக்குன்னு விளுந்துச்சு. உள்ள பொந்து இருக்கும்னு நெனச்சேன். தூசிய அள்ளிப் பாத்தா காக்காப்பொன்னா மினுங்குது. அதுக்கு அந்தாண்ட வெங்கச்சங்கல்லு வெரல் தண்டிக்கு ஓடுது. ஐயா இருந்தா எச்சியத் தொட்டு வச்சுப் பாப்பீங்க. நான் வச்சுப் பாத்தேன் ஒண்ணும் தெரியல.'

அக்கா கையை நீட்டிக் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

'இதுல ஒண்ணு விட்டுப்போச்சு. தொக்குன்னு விளுந்ததும் ஆளுகளை எல்லாம் கம்பிய நிறுத்தச் சொன்னேன்னு அத்தா சொன்னாரு. காயிதத்துல இடம் பத்தலை, அதான் நான் எழுதலை.'